ராணிக்கு வைரம், குடியானவனுக்குக் கடன்: ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் கதை



சில மாதங்களாக மாலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால், இங்கிலாந்து அரச குடும்பத்துப் பேச்சுதான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை, ஒருவருக்குப் பட்டம் போய்விட்டது என்று நம் வீட்டு விவகாரம் போலவே அலசுகிறோம். போன வாரம் ஒரு நண்பர், அந்த அரண்மனைக்கும் நம் காஞ்சிபுரத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, எல்லாம் தொலைக்காட்சியோடு சரியா என்று கேட்டார். உண்டு என்றேன். அந்த ராணிகளில் ஒருவர் அணிந்த வைரத்தில் நம் வட்டாரத்து நெல்லும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். சிரித்தார்கள். சிரிப்பதற்கில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பாதி வருஷங்களைக் கடன் பிரிவில் கழித்தவன். ஆகவே இந்தக் கதையை ஒரு கடன் லெட்ஜரைப் புரட்டுவது போலத்தான் சொல்லத் தெரியும். லெட்ஜரின் முதல் பக்கத்தில் உள்ள பெயர், ஆற்காட்டு நவாப் முகமது அலி கான் வாலாஜா. சென்னையில் வாலாஜா சாலை, ராணிப்பேட்டை பக்கம் வாலாஜாபேட்டை, நம் பக்கத்திலேயே வாலாஜாபாத் என்று தினமும் அவர் பட்டப் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் பஸ் ஏறுகிறோம்.

அப்பா போன பிறகு

முகமது அலியின் தந்தை அன்வருதீன் கான். 1744ல் ஹைதராபாத் நிஜாம் அவரைக் கர்நாடகத்துக்கு நவாப் ஆக்கினார். இங்கே கர்நாடகம் என்றால் பெங்களூர் இருக்கும் மாநிலம் அல்ல. கிருஷ்ணா நதிக்குத் தெற்கே திருநெல்வேலி வரை நீண்ட கிழக்குக் கரைச் சீமைக்கு அன்று அதுதான் பெயர். தலைநகர் ஆற்காடு. காஞ்சிபுரமும் அதற்குள் அடக்கம்.

1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆம்பூரில் நடந்த சண்டையில் அன்வருதீன் கொல்லப்பட்டார். எதிரில் நின்றவர் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப். அவருக்குத் துணை பிரெஞ்சுக்காரர்கள். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முகமது அலி தப்பித்து ஓடிய இடம் திருச்சிராப்பள்ளி. கையில் ஒரு கோட்டை, பெயரில் ஒரு பட்டம், கஜானாவில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர் அந்தப் பக்கம் என்றால் ஆங்கிலேயர் இந்தப் பக்கம் வந்துதானே ஆகவேண்டும்? வந்தார்கள்.

1751ல் திருச்சியை சந்தா சாகிப் முற்றுகையிட்டிருந்தபோது, எதிரியின் கவனத்தைத் திருப்ப ராபர்ட் கிளைவ் சிறு படையோடு ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாட்களுக்கு மேல் அந்தக் கோட்டைக்குள் தாக்குப்பிடித்தார். பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் படிக்காதது, அந்த ஆண்டு முடிவில் பிரெஞ்சு சிப்பாய்கள் நம் ஊர்ப் பெரிய கோயிலின் மதிலுக்குள் புகுந்து அதைக் கோட்டையாக வைத்திருந்ததும், கிளைவ் பீரங்கி கொண்டுவந்து அவர்களை விரட்டியதும். இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஆற்காட்டுப் பதவிக்காக அடித்துக்கொண்டபோது குண்டு விழுந்தது நம் மதில் மேல்.

1752ல் சந்தா சாகிப் பிடிபட்டு, தஞ்சாவூர்த் தளபதியின் முகாமில் தலை வெட்டப்பட்டார். முகமது அலி ஜெயித்தார். ஆனால் அந்த ஜெயத்துக்குக் கம்பெனி ஒரு பில் வைத்திருந்தது.

முதல் கடன்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், மீதிக் கதை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி இனாமாகச் சண்டை போடவில்லை. சிப்பாய்ச் சம்பளம், வெடிமருந்து, காளை மாடு, படகு என்று எல்லாச் செலவும் நவாப் கணக்கில் எழுதப்பட்டது. 1761ல் புதுச்சேரியைப் பிடித்த செலவிலும் பெரும் பங்கு அவர் தலையில். கம்பெனி கெடு வைத்துக் கேட்கும். நவாபிடம் ரொக்கம் இராது. அப்போது அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அதிகாரிகள் தனிப்பட்ட முறையில் வந்து, நாங்கள் தருகிறோம், கம்பெனிக்குக் கட்டிவிடுங்கள் என்பார்கள். வட்டி 20 முதல் 36 சதவீதம் வரை. ஈடு, வரப்போகும் ஆண்டின் நிலவரி.

பணம் கம்பெனி ஊழியர் பையிலிருந்து கிளம்பி, நவாப் கையைத் தொட்டுவிட்டு, கம்பெனிப் பெட்டிக்குள் போனது. நவாபிடம் மிஞ்சியது கையெழுத்துப் போட்ட பத்திரம். அந்தப் பத்திரத்துக்கு வட்டி கட்ட இன்னொரு பத்திரம். எங்கள் தொழிலில் இதற்கு எவர்கிரீனிங் என்று பெயர். பழைய கடனைப் புதுக்கடனால் பச்சையாகவே வைத்திருப்பது. கிளையில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். நகைக்கடன் கெடு முடியும் நாளில் காலையில் வெளியே கைமாற்று வாங்கி நகையை மீட்டு, மதியம் அதே நகையை மறுபடி வைத்துக் கைமாற்றை அடைப்பார்கள். கணக்கில் கடன் தீர்ந்தது போலத் தெரியும். நகை மட்டும் வீட்டுக்குப் போயிராது.

நவாபின் கடன்களை 1767ல் ஒன்றாகத் திரட்டினார்கள். 8 லட்சத்து 80 ஆயிரம் பவுன். கம்பெனி தலையிட்டு வட்டியைப் 10 சதவீதமாகக் குறைத்தது. பெரிய சலுகை போலத் தோன்றும். ஆனால் அசலில் எவ்வளவு நிஜமாகக் கைக்கு வந்த பணம், எவ்வளவு வட்டி மேல் வட்டி ஏறி அசலானது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் ஊரின் கதையும் இதே காலத்தில் மாறியது. 1763ல் காஞ்சிபுரம் உள்ளிட்ட செங்கல்பட்டுச் சீமையை நவாப் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். 1765ல் டில்லி பாதுஷா ஷா ஆலம் அதை உறுதி செய்தார். வாங்கிக்கொண்ட கம்பெனி அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை அப்படித்தான். அதாவது தன் சொந்தச் சீமைக்கே அவர் குத்தகைதாரர் ஆனார். கம்பெனிக்குக் குத்தகைப் பணமும் கட்டவேண்டும், கடன்காரர்களுக்கு வட்டியும் கட்டவேண்டும். இரண்டும் ஒரே களத்து மேட்டிலிருந்துதான் வரவேண்டும்.

ராஜா ஜார்ஜும் நவாபும்

1763ல் பாரிஸில் இங்கிலாந்து ராஜாவும் பிரெஞ்சு ராஜாவும் போட்ட சமாதான உடன்படிக்கையில் முகமது அலி கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அவர் மனசில் அது பெரிய எண்ணத்தை விதைத்தது. தான் வியாபாரக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவன் அல்ல, மூன்றாம் ஜார்ஜ் ராஜாவுக்குச் சமமான நண்பன். கம்பெனிக்காரர்கள் நெருக்கும்போதெல்லாம் அவர்கள் தலைக்கு மேலே லண்டனுக்குக் கடிதம் எழுதினார்.

லண்டனும் அந்த எண்ணத்துக்கு நெய் வார்த்தது. 1770ல் சர் ஜான் லிண்ட்சே என்ற கடற்படை அதிகாரி ராஜாவின் நேரடித் தூதராக, ரகசிய அதிகாரங்களோடு சென்னைக்கு வந்தார். ராஜாவின் கடிதம் நவாபிடம் போனது. கோட்டையில் இருந்த கம்பெனி கவுன்சிலுக்கு வயிற்றெரிச்சல். நவாபுக்கோ ஆனந்தம். அதற்குள் அவர் ஆற்காட்டை விட்டு வந்து, கோட்டைக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டியிருந்தார். 1768ல் எழுந்த அந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்பார்கள். 1764ல் சென்னைக்கு வந்த கம்பெனி ஊழியர். நவாபின் கடன்காரர்களில் தலையாயவர் ஆகப்போகிறவர்.

டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் போன்ற ஆங்கில ஓவியர்கள் நவாபைப் படமாக வரைந்தார்கள். வெண்பட்டும் முத்துமாலையும் கையில் வாளுமாக நிற்கிறார். அந்தப் படங்களைப் பார்க்கிற யாரும் இவர் கடன்காரர் என்று சொல்லமாட்டார்கள். படம் வரையச் சொன்னதே அதற்காகத்தானோ என்னவோ.

கடைசியில் வைரம். 1777ல் மூன்றாம் ஜார்ஜின் மனைவி ராணி சார்லட்டுக்கு முகமது அலி வைரங்களைப் பரிசாக அனுப்பினார். அவற்றில் பேரிக்காய் வடிவில் இரண்டு. ஒன்று 33 காரட்டுக்கு மேல், மற்றது 23 காரட்டுக்கு மேல். இன்றும் அவற்றுக்கு ஆற்காட்டு வைரங்கள் என்றே பெயர்.

அதே 1777ல் நவாபின் இன்னொரு தொகுதிக் கடன் பத்திரமாக எழுதப்பட்டது. 24 லட்சம் பவுன், வட்டி 12 சதவீதம். ஆண்டுக்கு வட்டி மட்டுமே 2 லட்சத்து 88 ஆயிரம் பவுன். இது போதாதென்று குதிரைப்படைச் சம்பள பாக்கிக்காகத் தனியே 1 லட்சத்து 60 ஆயிரம் பவுன் கடன். வட்டி கட்டப் பணமில்லாதவர் ராணிக்கு வைரம் தருகிறார்.

இந்த இடத்தில் நவாபைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், என் மேலதிகாரி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, ஊழியர் சிக்கனச் சங்கத்தில் கடன் போட்டு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனவன் நான். வீட்டில் அப்போது மளிகைக் கடைக்கு இரண்டு மாத பாக்கி. அவர் கேட்கவில்லை. கொடுத்தால் நம்மை ஒரு ஆளாக நினைப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடையில் வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தக் கடனை இருபத்து நான்கு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். என் மனைவி இன்றும் அந்த விளக்கை மறக்கவில்லை.

தஞ்சாவூர் பாகம்

வட்டி ஏற ஏற நவாபுக்குப் புதிய வருமானம் தேவைப்பட்டது. காவிரித் தண்ணீர் பாயும் தஞ்சாவூர் கண்ணில் பட்டது. கப்ப பாக்கி என்று காரணம் சொல்லி, கம்பெனிப் படையின் உதவியோடு 1773ல் தஞ்சாவூரைப் பிடித்தார். துளஜா ராஜா சிறைப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1772ல், காளையார்கோயிலில் சிவகங்கை முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், வேலு நாச்சியார் நாட்டை விட்டுப் போனதும் இதே நவாப், கம்பெனிப் படைகளால்தான்.

லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் தஞ்சாவூரைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அதற்காக லார்டு பிகாட் இரண்டாம் முறையாகச் சென்னை கவர்னராக வந்து, 1776 ஏப்ரலில் துளஜா ராஜாவை மறுபடி பட்டத்தில் உட்கார வைத்தார். அப்போது எழுந்தார் பென்ஃபீல்டு. தஞ்சாவூர் வருமானத்தின் மேலும் வயலில் நிற்கும் பயிரின் மேலும் எனக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் பவுனுக்கு மேல் பாத்தியதை இருக்கிறது என்றார். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்குகிறவர் இவ்வளவு எப்படிக் கடன் கொடுத்தார் என்று பிகாட் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கவுன்சிலில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தார்கள்.

1776 ஆகஸ்ட் 24ஆம் தேதி, வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரையே வழியில் மறித்துக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே 11ஆம் தேதி லார்டு பிகாட் காவலிலேயே இறந்தார். சென்னைப் பட்டணத்தின் கவர்னர் கடன் பாக்கித் தகராறில் சிறையில் செத்தார் என்றால் நம்ப முடிகிறதா? இங்கிலாந்தில் விசாரணை நடந்தது. 1780ல் கவுன்சில் உறுப்பினர்கள் நால்வருக்குத் தலா 1000 பவுன் அபராதம். அவ்வளவுதான்.

நம் வாசலில் யுத்தம்

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு மலை இறங்கி வந்தார். நவாபின் கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஆங்கிலப் படைத்தலைவர் ஹெக்டர் மன்றோ சென்னையிலிருந்து புறப்பட்டுக் காஞ்சிபுரத்தில் முகாமிட்டார். படைக்கு வேண்டிய தானியத்தை நவாபின் ஆட்கள் தருவதாக ஏற்பாடு. எதிர்பார்த்தபடி வரவில்லை. வடக்கிலிருந்து வந்து சேர வேண்டிய கர்னல் பெய்லியின் படை, நமக்குச் சில மைல் தூரத்தில் புள்ளலூரில் மாட்டிக்கொண்டது. செப்டம்பர் 10ஆம் தேதி ஹைதரும் திப்புவும் அதை அடியோடு அழித்தார்கள். பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில் மன்றோ இருந்தும் உதவி போய்ச் சேரவில்லை. மறுநாள் மன்றோ கனமான பீரங்கிகளை நம் ஊர்க் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

புள்ளலூர் வயல்வெளியில் இரண்டு நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவை அடுத்த ஆண்டு, 1781ல், அதே இடத்தில் நடந்த சண்டையில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்கானவை. பட்டினியில் செத்த குடியானவருக்குத் தூண் கிடையாது. ஹைதரின் குதிரைப்படை சுற்றுவட்டாரக் கிராமங்களைக் கொளுத்தியது. ஏரிகள் பராமரிப்பின்றிக் கிடந்தன. பின்னால் வந்த பஞ்சத்தில் மக்கள் சென்னையை நோக்கி ஓடினார்கள். அந்த வெற்று நிலத்தின் மேலும் நவாபின் கடன் பத்திரம் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தது.

பார்லிமெண்டில் கடன்காரர்கள்

1781 டிசம்பரில் கவர்னர் மெக்கார்ட்னி, யுத்தம் முடியும் வரை நாட்டு வருமானத்தைக் கம்பெனியே வசூலிப்பது, ஆறில் ஒரு பங்கு நவாபுக்கு என்று ஏற்பாடு செய்தார். நவாபுக்கு அது அவமானம், கடன்காரர்களுக்கு நஷ்டம். இருவரும் லண்டனில் முட்டி மோதினார்கள். நவாபுக்கு லண்டனில் சம்பளம் வாங்கும் ஏஜெண்டுகளே இருந்தார்கள். பென்ஃபீல்டு இங்கே சேர்த்த பணத்தில் அங்கே பார்லிமெண்ட் உறுப்பினர் ஆனார். தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை அவர் உறுப்பினர் ஆக்கினார் என்று எட்மண்ட் பர்க் சபையிலேயே குற்றம் சாட்டினார்.

1784ல் பிட் பிரதமராக இருந்தபோது வந்த இந்தியச் சட்டம், நவாபின் கடன்களை விசாரித்து நிஜம் எது, பொய் எது என்று பிரிக்கச் சொன்னது. கம்பெனி இயக்குநர்களும் விசாரிக்கத் தயாரானார்கள். ஆனால் மேலே இருந்த கட்டுப்பாட்டு வாரியம், விசாரணையே வேண்டாம், ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கி எல்லாருக்கும் கட்டிவிடுங்கள் என்று உத்தரவு போட்டது. வராகன் என்பது அப்போதைய தங்க நாணயம், சுமார் மூன்றரை ரூபாய் மதிப்பு. 12 லட்சம் வராகன் என்றால் 4 லட்சத்து 80 ஆயிரம் பவுன். 1785 பிப்ரவரி 28ஆம் தேதி பர்க் இதை எதிர்த்து மணிக்கணக்கில் பேசினார். வாக்கெடுப்பில் தோற்றார். வவுச்சர் பார்க்காமல் பட்டுவாடா. எங்கள் கிளையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்று மாலையே சஸ்பென்ஷன்.

அங்கே ஒரு கடன், இங்கே ஒரு கடன்

பெஞ்ச் நண்பர்களுக்கு இங்கேதான் சுவாரசியம். கடன்பட்டது நவாப் மட்டுமல்ல. மூன்றாம் ஜார்ஜின் அரண்மனைச் செலவுக் கடனை 1769ல் 5 லட்சத்து 13 ஆயிரம் பவுன் கொடுத்து பார்லிமெண்ட் அடைத்தது. மறுபடி 1777ல் 6 லட்சத்து 18 ஆயிரம் பவுன். ஆமாம், வைரம் போன அதே 1777.

அவர் மூத்த மகன், பின்னாளில் நான்காம் ஜார்ஜ், அப்பாவையும் மிஞ்சினார். 1785ல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையைச் சட்டத்துக்கு மாறாக ரகசியமாக மணந்தார். குதிரை, மாளிகை, சூதாட்டம் என்று 1795ல் கடன் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பவுன். அதை அடைக்க வழி வேண்டி, அந்த ரகசிய மணத்தை மறைத்து, முன்பின் பார்த்திராத கரோலின் இளவரசியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணம் நாறிய கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ராஜா கடன்பட்டால் பார்லிமெண்டில் வந்து கணக்குச் சொல்லவேண்டும். உறுப்பினர்கள் திட்டுவார்கள், பத்திரிகைகளில் கேலிப்படம் வரும், அதற்கு ஈடாக ராஜாவின் கையைக் கொஞ்சம் கட்டுவார்கள். இங்கே நவாப் கடன்பட்டபோது அதைக் கட்டப்போகிறவனை யாரும் கேட்கவில்லை. குத்தகைதாரன் களத்துக்கு வருவான், நெல்லை அளப்பான், போய்விடுவான். நெல் சென்னையில் வட்டியாகி, லண்டனில் பார்லிமெண்ட் சீட்டாகும். விதை நெல்லும் மிஞ்சாதவனுக்குத் தன் பெயரில் இப்படி ஒரு கடன் ஓடுவதே தெரியாது.

கட்டபொம்மன் படத்தில் வரி, கிஸ்தி என்று சிவாஜி கர்ஜிக்கும் காட்சி தெரியாதவர் நம்மில் இல்லை. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை நவாபுடையது. 1792 உடன்படிக்கையில் அதுவும் கம்பெனி கைக்குப் போனது. ஜாக்சன் துரை பாஞ்சாலங்குறிச்சியிடம் கேட்டது அந்தக் கணக்கில்தான். 1799ல் கயத்தாற்றில் போட்ட தூக்குக் கயிற்றின் ஒரு நுனி சேப்பாக்கத்துப் பத்திரப் பெட்டியில் இருந்தது என்பேன்.

பிறகு

முகமது அலி 1795 அக்டோபர் 13ஆம் தேதி சென்னையில் காலமானார். அதே ஆண்டு எழுந்த திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் அவர் குடும்பத்தின் கொடை. அதில் பொறித்த பாரசீக வாசகத்தை இயற்றியவர் மக்கன் லால் என்ற இந்து. மயிலாப்பூர் கபாலீசுவரர் குளத்துக்கு இடம் தந்தவர் நவாப் என்றும் சொல்வார்கள். மனிதர் கெட்டவர் இல்லை. தர்மம் செய்யத் தெரிந்தவர், இனிக்கப் பேசுகிறவர், மதம் பார்த்து ஒதுக்காதவர். இல்லை என்று சொல்லத் தெரியாதவர். கையெழுத்துக்கு முன் கூட்டிப் பார்க்காதவர். அவரைத் திருச்சியில் நத்தர் வலி தர்காவில் அடக்கம் செய்தார்கள். வாழ்நாள் எதிரி சந்தா சாகிபும் அங்கேதான் இருக்கிறார்.

மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலை 15ஆம் தேதி இறந்தார். திப்புவோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள் என்று தகப்பன், மகன் இருவர் மேலும் குற்றம் சாட்டிய கம்பெனி, ஜூலை 31ஆம் தேதி அசீமுத் தௌலாவிடம் கையெழுத்து வாங்கிச் சீமை முழுவதையும் எடுத்துக்கொண்டது. பட்டமும் மானியமும் மட்டும் மிஞ்சின. 1855ல் நவாப் பட்டமும் போனது. பின்னர் விக்டோரியா மகாராணி ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டத்தைக் கொடுத்தார்.

கடன் மட்டும் சாகவில்லை. 1801க்குப் பிறகு, எங்களுக்கும் நவாப் தரவேண்டும் என்று பத்திரங்களோடு வந்தவர்கள் கேட்ட மொத்தத் தொகை 3 கோடியே 4 லட்சம் பவுன். இம்முறை ஒரு கமிஷன் உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரமாகப் பார்த்தது. முடிக்க 1830 ஆயிற்று. நிஜம் என்று ஒப்புக்கொண்டது சுமார் 26 லட்சத்து 86 ஆயிரம் பவுன். நூற்றுக்கு ஒன்பது கூட இல்லை. மீதி எல்லாம் தள்ளுபடி. 1785ல் விசாரிக்காமல் கட்டிய கடனில் எவ்வளவு இப்படிப்பட்டது என்று நீங்களே யோசியுங்கள்.

பென்ஃபீல்டின் சொத்து கரைந்தது. 1810ல் பாரிஸில் வறுமையில் செத்தார். ராணி சார்லட் 1818ல் இறக்குமுன் எழுதிய உயிலில், ஆற்காட்டு நவாப் கொடுத்த வைரங்களை விற்றுப் பணத்தை மகள்கள் நால்வருக்குப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தார். அந்தப் பேரிக்காய் வைரங்கள் 1837ல் லண்டன் ஏலத்துக்கு வந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு 11 ஆயிரம் பவுனுக்கு வாங்கினார். 1959ல் அந்தக் குடும்பமும் விற்றுவிட்டது. எந்த நட்புக்காக நவாப் கொடுத்தாரோ, அந்த நட்பு அவர் பேரனின் சீமையைக் காப்பாற்றவில்லை.

இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கடனில் மூழ்கியவர்களில் பெரும்பாலோர் குடியாலும் சூதாலும் மூழ்கவில்லை. நாலு பேர் முன் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பணம் கட்டியவர்கள் மனைவியும் பிள்ளைகளும், ஜாமீன் போட்ட மச்சானும். அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நவாப் வீட்டில் மனைவி மக்கள் என்றால் இங்கே நாம் எல்லாரும்.

நம் நகரிலும் கல்யாண சீசன் வருகிறது. சீர், மண்டபம், சொந்தக்காரர் வீட்டுப் பத்திரத்தில் ஜாமீன் என்று பேச்சு வரும். பேனாவை எடுக்குமுன் வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மாதத் தவணை எவ்வளவு, யார் சம்பளத்தில், எத்தனை வருஷம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். கட்டப்போகிறவர் சரி என்ற பிறகு கையெழுத்துப் போடுங்கள். கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் மாலையில் பூங்கா பெஞ்சுக்கு வாருங்கள். கால்குலேட்டரோடு இருப்பேன்.